ஜோலார்பேட்டையில் இறங்கி வண்டி பிடித்தவர்கள்: ஒரு வம்சாவளித் தேடலின் நிகழ்வு ஆய்வு

2023இல் என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயது நிறைவதற்குள் முதல் முடியைக் குலதெய்வக் கோயிலில் இறக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோதுதான், எங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்ற உண்மை வெளிப்பட்டது. எனக்கும் என் மகனுக்கும் திருப்பதியில்தான் முடி இறக்கினார்கள். குலதெய்வம் தெரியாதவர்களுக்குத் திருப்பதியே குலதெய்வம் என்று சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சொல் இரண்டு தலைமுறையாக ஒரு போர்வையாகப் பயன்பட்டு வந்திருக்கிறது.

குடும்பத்தில் இரண்டு கிளைகள் உண்டு. பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் கிளை, பூர்வீகம் சேலம் என்று சொல்லிவந்தது. கோலார் தங்கவயலில் இருக்கும் கிளையோ, ஜோலார்பேட்டைப் பக்கம் ஏதோ ஓர் ஏரிக்கரைக் கோயில் என்றது. இரண்டு கிளைகளும் ஒரே மூதாதையின் வழி வந்தவை என்பதில் இரு தரப்பாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அவர் யாருக்கு எத்தனையாவது தலைமுறை என்பதில் கணக்கு ஒன்று இடித்தது. இந்த இரண்டு முரண்பாடுகளையும் தீர்க்க எடுத்துக்கொண்ட பதினான்கு மாத முயற்சியின் பதிவு இது. குடும்பத்தார் விருப்பப்படி பெயர்களையும் கிராமத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். பெங்களூருக்கு முதலில் வந்தவரைப் ‘பெரியவர்’ என்றும், அவருடைய மூத்த மகனின் மகனான என் தாத்தாவைச் ‘சின்னவர்’ என்றும் குறிப்பிடுகிறேன். இருவருக்கும் ஒரே பெயர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் சிக்கலின் பாதி அதில் இருக்கிறது.

கையில் இருந்த சான்றுகள்

வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஹரித்வாரில் பண்டாக்கள் வைத்திருக்கும் வம்சாவளி ஏடுகள் உண்டு. சாம்பலைக் கரைக்கப் போகிறவர் தன் முப்பாட்டன் கையெழுத்தையே அங்கே பார்த்துவிட்டு வரலாம். நம்மவர்களில் சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. எங்களிடம் இருந்தவை ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கின: 1893ஆம் வருஷத்து அடமானப் பத்திரம் ஒன்று, திதி குறித்து வைத்த மெல்லிய நோட்டு ஒன்று, 1951இல் என் பெரிய அத்தையின் கல்யாணத்தில் எழுதிய மொய் நோட்டு ஒன்று. இவற்றோடு உயிருள்ள சாட்சிகள் இருவர்: சின்னவரின் கடைசி மகளான, 86 வயது நிறைந்த என் அத்தை, தங்கவயல் கிளையில் மூத்தவரான, நாங்கள் ‘மைன்ஸ் சித்தப்பா’ என்று அழைக்கும் ஒருவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பிறகும் மாரிகுப்பத்து லைன் வீட்டை விட்டு அவர் வரவில்லை.

பத்திரத்தின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான்காக மடித்து வைத்த காகிதம். மடிப்பு ஓடிய இடமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. முதல் வரியில் ‘சேலம் ஜில்லா’ என்பது தெளிவாக இருந்தது. அதற்கடுத்து விரற்கடை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் ‘த்தூர் தாலுகா’ என்ற எழுத்துகள் தொடர்ந்தன. கிராமத்தின் பெயர் ‘புதூர்’ என்று முடிந்தது. அப்படி முடியும் பெயரில் ஊர் இல்லாத தாலுகா தமிழ்நாட்டில் உண்டா என்பது சந்தேகம். பின்பக்கத்தில் இருந்த பதிவு அலுவலக முத்திரை வெறும் நீலக் கறையாக மங்கியிருந்தது. பதிவு எண்ணும் வருஷமும் மட்டும் தப்பியிருந்தன.

சேலம் ஜில்லாவில் ‘த்தூர்’ என்று முடியும் தாலுகா என்றவுடன் எவருக்கும் ஆத்தூர்தான் நினைவுக்கு வரும். என் தந்தைக்கும் அதுதான் வந்திருக்கிறது. அவர் அந்த ஓட்டைக்கு மேல் பென்சிலால் ‘ஆ’ என்று எழுதியே வைத்திருந்தார். குடும்பத்தின் ‘சேலத்துப் பூர்வீகம்’ முழுவதும் அந்த ஒற்றை எழுத்தின் மேல் நின்றது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தோம்.

ஆத்தூரில் போன நாட்கள்

2024 தொடக்கத்தில் நானும் என் மகனும் ஆத்தூருக்குப் போய், மூன்று நாட்களில் ஐந்து ‘புதூர்’களில் விசாரித்தோம். எங்கள் குடும்பப் பெயர்களை யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வகையறாவைச் சேர்ந்த குடும்பங்கள் அந்தப் பக்கம் அரிது என்றும் சொன்னார்கள். தோல்விக்கு அந்தப் பதிலே போதுமான அறிகுறி. ஒரு வகையறா பரவலாக இல்லாத இடத்தில் அதன் பூர்வீகத்தைத் தேடுவது வீண் என்பதை, ஒருவேளை கிளம்புவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆனால் தந்தை எழுதிவைத்த எழுத்தைச் சந்தேகிப்பது எளிதாக இல்லை.

திரும்பி வந்தபின் மைன்ஸ் சித்தப்பாவிடம் போனேன். அவருடைய பாட்டி 1960களின் நடுப்பகுதி வரை இருந்தவர், அவர் வாயால் கேட்டதைச் சித்தப்பா அப்படியே சொன்னார்: “திருவிழாவுக்கு ஜோலார்பேட்டையில எறங்கி வண்டி புடிச்சிப் போவோம்னு பாட்டி சொல்லும்.” இந்த வாக்கியம் எங்கள் கிளைக்கும் தெரிந்ததுதான். ஆனால் அல்சூரில் இதற்குச் சொல்லப்பட்ட பொருள் வேறு: பெங்களூரிலிருந்து போகும் கிளைப்பாதை சென்னை–சேலம் பாதையோடு சேரும் சந்திப்பு ஜோலார்பேட்டை, ஆகவே அங்கே இறங்கி சேலத்துக்குப் போகும் ரயிலைப் பிடித்தார்கள் என்று எங்கள் வீட்டில் விளக்கம் சொல்லிவந்தார்கள். தமிழில் ரயிலும் வண்டி, மாட்டு வண்டியும் வண்டி. சித்தப்பாவிடம் எந்த வண்டி என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “மாட்டு வண்டிதான்பா. வழியில ஏரிக்கரையில மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்களாம்,” என்றார். ஒரு பெண்ணின் நினைவு எழுபது ஆண்டுகளாகச் சரியாகவே இருந்திருக்கிறது. அதைக் கேட்டவர்கள்தான் தங்களிடம் இருந்த காகிதத்துக்கு ஏற்றபடி அதை வளைத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் பத்திரம் சேலம் ஜில்லா என்றல்லவா சொல்கிறது? விடை மாவட்ட எல்லைகளின் வரலாற்றில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்கள் அதற்குப் போயின. அந்தச் சமயத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர் தாலுகா வட ஆற்காட்டோடு சேர்க்கப்பட்டது. அதாவது 1893இல் பத்திரம் எழுதியவருக்குத் திருப்பத்தூர் சேலம் ஜில்லாதான். அவருடைய பேரனுக்கு அதே ஊர் வட ஆற்காடு. 1989இல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் எனப்பட்டது. 2019இல் அதுவும் மூன்றாகப் பிரிந்ததில் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. ஜோலார்பேட்டை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரித்துப்போன இடத்தில் இருந்திருக்க வேண்டியது ‘ஆ’ என்ற ஓர் எழுத்து அல்ல, ‘திருப்ப’ என்ற நான்கு எழுத்துகள். ஓட்டையின் அகலத்தை முதலிலேயே அளந்து பார்த்திருந்தால், ஓர் எழுத்துக்கு அது மிகப் பெரியது என்பது தெரிந்திருக்கும்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. பழைய காகிதத்தில் உள்ள மாவட்டப் பெயரை இன்றைய வரைபடத்தில் வைத்துப் படிக்கக் கூடாது. அந்தக் காகிதம் எழுதப்பட்ட வருஷத்து வரைபடத்தில்தான் படிக்க வேண்டும். பெங்களூருக்கும் இது பொருந்தும். 1809இல் ஆங்கிலேயரின் படைக் குடியிருப்பாக உருவான கண்டோன்மெண்ட், 1881இல் மைசூர் சமஸ்தானம் மன்னர் குடும்பத்திடம் திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே தனித்து நின்றது; 1947இல்தான் மைசூரோடு சேர்ந்தது; 1949இல்தான் நகரமும் கண்டோன்மெண்டும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. கண்டோன்மெண்டைச் சேர்ந்த அல்சூரில் நடந்த ஒரு பிறப்பை மைசூர் அரசின் பழைய ஏடுகளில் தேடுகிறவர் கடைசி வரை தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பத்திரத்தின் முழு வாசகம்

பதிவுச் சட்டம், 1908இன் 57ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், நகலும் கேட்கலாம். ஒரு சொத்து பெரும்பாலும் அது இருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்தில் பதியப்படும் என்பதால், எங்கள் கையில் இருந்த எண்ணும் வருஷமும் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பதிவேட்டில் பொருந்தினால் போதும். சொல்வதற்கு இவ்வளவுதான்; நடைமுறையில் நான்கு முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை, அவ்வளவு பழையது கிடையாது என்றார்கள். இரண்டாம் முறை, வேறு அலுவலகத்தின் ஆவண அறைக்குப் போகச் சொன்னார்கள். நான்காம் முறை, ஓய்வுபெறும் வயதில் இருந்த ஓர் எழுத்தர் தாமே ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்தார். எண் பொருந்தியது. சான்றிட்ட நகலில் ஓட்டை இல்லை.

அதன் தொடக்கம் அக்காலப் பத்திர நடையில் இப்படிப் போகிறது: சேலம் ஜில்லா திருப்பத்தூர் தாலுகா இன்ன புதூர் கிராமத்தில் பூர்வ குடியாயும், தற்சமயம் பெங்களூர் கண்டோன்மெண்டு அல்சூரில் வாசமாயும் இருக்கும், இன்ன ஜாதி, கூலி ஜீவனம், இன்னார் குமாரர் இன்னார், தனக்கும் தன் மைனர் குமாரர்கள் இன்னார், இன்னார் ஆகிய இருவருக்குமாக எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம். ஒரே மூச்சில் ஓடும் இந்த வாக்கியம் எங்களுக்கு ஐந்து செய்திகளைத் தந்தது: ஊர், பெரியவரின் தந்தை பெயர், 1893இல் அவர் அல்சூரில் இருந்தது, அவருடைய தொழில், அவருடைய இரண்டு மகன்கள். மூத்த மகன் என் கொள்ளுத்தாத்தா. இளைய மகன் பின்னால் தங்கவயலுக்குப் போனவர். சித்தப்பாவின் தாத்தா அவர்தான். இரண்டு கிளைகளையும் இணைக்கும் எழுத்துச் சான்று இது ஒன்றே.

வழியில் ஓர் இடறலும் இருந்தது. பழைய பத்திரங்களில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்று குறிகள் போடுவார்கள். என் மகன் நகலை எழுத்துக்கூட்டிப் படித்து அட்டவணையில் ஏற்றியபோது, ‘௸யார்’ என்று வரும் இடங்களையெல்லாம் ஒரு தனி ஆளின் பெயராக எண்ணி, எங்கள் குடும்பத்துக்கு ஒரு புதிய சகோதரரைச் சேர்த்துவிட்டான். மேற்படியார் என்ற அந்த மனிதர் இரண்டு வாரம் எங்கள் வம்ச மரத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான்கெல்லை விவரம்தான் தேடிவந்த கேள்விக்கு நேரடியான விடை கொடுத்தது. அடமானம் வைத்த புன்செய்க்கு மேற்கே ஏரிக்கரை, தெற்கே வண்டிப் பாதை, கிழக்கே இன்னார் புன்செய், வடக்கே கன்னிமார் கோயில் புறம்போக்கு. ஜோலார்பேட்டைப் பக்கம் ஓர் ஏரிக்கரைக் கோயில் என்று தங்கவயல் கிளை சொல்லிவந்தது இந்த ஒற்றை வரியில் முழுவதுமாக இருந்தது. கிழக்கெல்லைக்காரரின் தந்தை பெயரும் பெரியவரின் தந்தை பெயரும் ஒன்று. அவர் உடன்பிறந்த பங்காளி என்று கொள்வதில் பெரிய தவறு இருக்காது.

குடும்பத்தில் வழங்கிவந்த ஒரு கதையையும் இந்தப் பத்திரம் திருத்துகிறது. பெரியவர் தாது வருஷப் பஞ்சத்தில் நிலம் நீச்செல்லாம் இழந்து, கைக்குழந்தையோடு பெங்களூருக்கு நடந்தே வந்தார் என்பது கதை. தாது வருஷம் என்பது 1876–77. சென்னை மாகாணத்தையும் மைசூரையும் ஒரே நேரத்தில் வாட்டிய பஞ்சம் அது. மைசூர் சமஸ்தானமே அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மக்களை இழந்தது என்பதால், பஞ்சம் பிழைக்க யாரும் அங்கே ஓடியிருப்பார்களா என்பதே கேள்விக்குரியது. கண்டோன்மெண்டின் கூலி வேலை ஒன்றுதான் அதற்குக் காரணமாக இருக்க முடியும். ஆனால் நிலத்தை இழக்கவில்லை என்பது உறுதி, ஏனெனில் பதினேழு வருஷம் கழித்து அதை அடமானம் வைக்கிறார். நடந்து வந்தார் என்பதையும் நான் நம்பவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு 1864லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. டிக்கெட்டுக்குக் காசு இருந்ததா என்பது வேறு விஷயம் என்று அத்தை சொல்கிறார். அதுவும் நியாயமான ஆட்சேபம்தான்.

ஒருவர் இருவரானதும் இருவர் ஒருவரானதும்

பெரியவர் நூற்றுப் பத்து வயதுக்கு மேல் வாழ்ந்தார் என்று எங்கள் கிளையில் ஒரு பெருமை உண்டு. தாது வருஷத்தில் வாலிபராக வந்தவர், 1963இல் இறந்தார் என்பது அதன் கணக்கு. 1963இல் இறந்தவர் சின்னவர் என்பதை அத்தை நேரில் பார்த்தவர். ஆனால் தன் தந்தையின் பெயரில் அவருடைய தாத்தா ஒருவர் இருந்தார் என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம்மில் இவ்வளவு ஊறிய பழக்கமாக இருக்கும்போது, ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் வருவதை எதிர்பார்த்தே தேட வேண்டும்.

இருவர் என்று நிறுவ மூன்று சான்றுகள் கிடைத்தன. முதலாவது, பத்திரத்தின் முன்பக்கத்தில் பெரியவருக்குக் கையெழுத்து இல்லை. குறுக்கும் நெடுக்குமாக ஒரு கோடு, அதன் பக்கத்தில் ‘இன்னார் கைக்கீறல்’ என்று எழுத்தர் எழுதியிருக்கிறார். பின்பக்கத்தில், கடன் முழுதும் 1926இல் தீர்ந்து பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டதற்கான குறிப்பின் கீழ், அதே பெயரில் அழகான, சற்றுச் சாய்ந்த தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. எழுதத் தெரியாத ஒருவர் முப்பத்து மூன்று வருஷம் கழித்து இப்படி எழுத மாட்டார். கடனைத் தீர்த்ததால்தான் பத்திரம் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தீராத கடனின் பத்திரம் கடன் கொடுத்தவர் வீட்டுப் பெட்டியில்தான் அழிந்திருக்கும்.

இரண்டாவது சான்று திதி நோட்டு. அதில் பெயர்கள் இல்லை, உறவுமுறைகள் மட்டுமே உண்டு. ‘தாத்தா — சௌமிய வருஷம் மாசி’, ‘நைனா — காளயுக்தி வருஷம் புரட்டாசி’ என்று தொடங்குகிறது. எழுதியவர் யார் என்று தெரியாமல் இந்த உறவுச் சொற்களால் பயனில்லை. 1926இன் கையெழுத்தோடு ஒப்பிட்டபோது சாய்வும், ‘ன’ எழுதும் விதமும் ஒன்றாக இருந்தன, எழுதியவர் சின்னவர். அப்படியானால் தாத்தா என்பது பெரியவர், நைனா என்பது சின்னவரின் தந்தையான என் கொள்ளுத்தாத்தா. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் சௌமிய 1909–10 ஆகவோ 1969–70 ஆகவோதான் இருக்க முடியும். 1963இல் இறந்தவர் எழுதிய நோட்டில் பின்னது சாத்தியமில்லை. ஆகவே பெரியவர் 1910இன் தொடக்கத்தில் காலமானார். அதே கணக்கில் என் கொள்ளுத்தாத்தா 1918 செப்டம்பர்–அக்டோபரில் இறந்திருக்கிறார். குடும்பத்தில் அவரைப் பிளேக்கில் போனவர் என்பார்கள். மாதத்தைப் பார்த்தால் நாடு முழுவதும் இன்ஃபுளூயன்ஸா வாரிக்கொண்டு போன நாட்கள் அவை. எந்தக் காய்ச்சல் என்று நோட்டு சொல்லவில்லை. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

மூன்றாவது, சின்னவரின் ஜாதகக் குறிப்பு. சார்வரி வருஷம் தை மாதம் பிறந்தவர் என்கிறது. கிழமையும் நட்சத்திரமும் 1901 ஜனவரியோடு பொருந்துகின்றன. ஆகவே 1893இல் பத்திரம் எழுதியவர் அவராக இருக்க முடியாது.

தங்கவயல் கிளையின் குழப்பம் இதற்கு நேர்மாறானது. சித்தப்பாவின் தந்தை பெரியவரைத் ‘தாத்தா’ என்று சொல்லி வந்தார். சித்தப்பாவின் பாட்டியும், அதாவது அந்தத் தந்தையைப் பெற்றவளும், அதே மனிதரைத் ‘தாத்தா’ என்றே சொல்லி வந்தாள். தாய்க்கும் மகனுக்கும் ஒருவரே எப்படித் தாத்தாவாக முடியும் என்று யோசித்த சித்தப்பா, இவர்கள் இரண்டு வேறு ஆட்கள், ஒருவர் மற்றவரின் முன்னோர் என்று முடிவு கட்டி, ஒரு தலைமுறையைக் கூட்டிவிட்டார்.

விடை எளிது, ஆனால் நம்மவர்களுக்கு மட்டும் எளிது. பெரியவருக்கு இரண்டு மகன்களுக்கு மூத்ததாக ஒரு மகள் இருந்தாள். அந்த மகளின் மகளைத்தான் இளைய மகன் கட்டினார். அக்காள் மகள், கட்டிக்கொள்ளும் முறைதான். ஆகவே அந்தப் பெண்ணுக்குப் பெரியவர் தாய்வழித் தாத்தா, கல்யாணத்துக்குப் பின் மாமனாரும்கூட. அவள் பெற்ற மகனுக்குத் தந்தை வழியில் பெரியவர் தாத்தா. தாய் வழியில் கொள்ளுத்தாத்தா. தந்தையும் பாட்டியும் சொன்னது இரண்டும் சரி. சித்தப்பாவுக்கு அவர் ஒரு வழியில் கொள்ளுத்தாத்தா, மற்றொரு வழியில் எள்ளுத்தாத்தா. எங்கள் கிளை இரண்டு பேரை ஒருவராக்கி நூற்றுப் பத்து வயது கொடுத்தது. அவர்கள் கிளை ஒருவரை இரண்டு பேராக்கி ஒரு தலைமுறையைக் கூட்டியது.

வம்ச மரம் வரைவதற்கென்றே உள்ள கணினி மென்பொருள் ஒன்றில் இதை ஏற்றியபோது, ஒரே ஆளை இரண்டு தலைமுறையில் வைக்க முடியாமல் அது சிவப்பு எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருந்தது. ஐந்து தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு முப்பத்திரண்டு முன்னோர் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டிவரும் குடும்பத்தில் அந்த எண்ணிக்கை ஒருபோதும் வராது. மேலே போகப்போகக் கோடுகள் விரிவதற்குப் பதிலாக ஒன்றையொன்று தேடி வந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கடைசியில் மென்பொருளை விட்டுவிட்டு, வரைபடத் தாளில் கையால் வரைந்தேன். காகிதச் சான்று உள்ள கோடுகள் மையில். வாய்மொழி மட்டும் உள்ளவை பென்சிலில்.

பென்சிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெரியவரின் மகள் எந்தக் காகிதத்திலும் இல்லை. பத்திரம் மகன்களை மட்டுமே சொல்கிறது. பேத்தியின் வாய்வழி அல்லாமல் அப்படி ஒருத்தி இருந்ததே தெரிந்திருக்காது. பெரியவரின் மனைவியின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

மொய் நோட்டு

1951 மொய் நோட்டைப் பற்றி நான் முதலில் கொண்ட எதிர்பார்ப்பு தவறாயிற்று. மொய் ஊர்வாரியாக எழுதப்பட்டிருந்தது: அல்சூர், சிவாஜி நகர், கோலார் மைன்ஸ், பிறகு திருப்பத்தூர்ப் பக்கத்து மூன்று கிராமங்கள். ரூபாய் அணாக் காலம். பெரும்பாலானவை ஒரு ரூபாய், சில எட்டணா. மூன்று கிராமங்களில் ஒன்றிலிருந்து மட்டும் பதினோரு பேர் மொய் எழுதியிருந்தார்கள். அதுவே பூர்வீகம் என்று எண்ணி, பத்திர நகல் கிடைப்பதற்கு முன்பே அங்கே ஒரு முறை போய் வந்தோம். போன இடத்தில் காபி கொடுத்து உட்கார வைத்த ஒரு முதியவர், எங்களைப் பங்காளிகள் என்று நாங்கள் அறிமுகப்படுத்திக்கொண்டதும் தலையை ஆட்டி மறுத்தார். “பங்காளி எப்படி? உங்க தாத்தா எங்க ஊட்டு மாப்புள்ள,” என்றார்.

அது சின்னவர் பெண் எடுத்த ஊர். எங்கள் பக்கத்து வழக்கத்தில் முறையாக மொய் செய்பவர்கள் மாமன் மச்சான்கள். பங்காளிகள் கல்யாண வீட்டோடு நின்று வேலை செய்வார்கள், செலவைப் பகிர்வார்கள், மொய் நோட்டில் அதிகம் தென்பட மாட்டார்கள். மொய் நிறைய வந்த ஊர் பெண் எடுத்த அல்லது கொடுத்த ஊர்; பூர்வீகம் அல்ல. பத்திரத்தில் வரும் புதூர் அந்த நோட்டில் மூன்றாவது கிராமமாக, இரண்டே பெயர்களோடு, கடைசிப் பக்கத்தில் இருந்தது.

ஊரில்

2024 கார்த்திகையில் நாங்கள் ஒன்பது பேர், அத்தையையும் மைன்ஸ் சித்தப்பாவையும் சேர்த்து, இரண்டு கார்களில் பெங்களூரிலிருந்து போனோம். ஜோலார்பேட்டையைத் தாண்டியபோது சித்தப்பா ஏரி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே வந்தார். கிராமத்தில் கிழக்கெல்லைக்காரரின் வழிவந்த குடும்பம் இன்னும் இருக்கிறது. பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது, எங்கள் நிலமும் 1930களில் அவர்களுக்கே கைமாறியதாகச் சொன்னார்கள். நிலம் கேட்டு வந்திருக்கிறோமோ என்ற கலக்கம் அந்த வீட்டுக்காரர் முகத்தில் முதல் கால் மணி நேரம் இருந்தது. குழந்தைக்கு முடி இறக்க வந்தோம் என்றதும் அது போய்விட்டது.

கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் வேப்ப மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். மேலே சமீபத்தில் போட்ட தகரக் கூரை. பூசாரி தன் வீட்டிலிருந்து தலைக்கட்டு வரி நோட்டைக் கொண்டுவந்தார். திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் கணக்கு. உள்ளூர்த் தலைக்கட்டுகள் முடிந்தபின் ‘வெளியூர்’ என்ற தலைப்பு. அதன் கீழ் நான்காவது வரியில் ‘பெங்களூர் வகையறா’ என்று எழுதி, வரவுக் கட்டம் காலியாக இருந்தது. யார் என்று கேட்டோம். தனக்குத் தெரியாது என்றும், பழைய நோட்டு தீர்ந்து புது நோட்டுப் போடும்போதெல்லாம் அந்த வரியையும் பார்த்து எழுதிவருவதாகவும், அவருடைய தந்தையும் அப்படித்தான் செய்தார் என்றும் சொன்னார். அவரிடம் இருந்த மிகப் பழைய நோட்டு 1974ஆம் வருஷத்தது. அதிலும் அந்த வரி அப்படியே, பெயர் இல்லாமல் இருந்தது. இதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அந்த ஊரிலிருந்து பெங்களூருக்குப் போன குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. வரைபடத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்.

குழந்தையை என் மருமகளின் அண்ணன் மடியில் வைத்து முடி இறக்கினார்கள். இடையில் பூசாரி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, இனிமேல் அந்த வரிக்கு ஒரு பெயர் வேண்டும், யார் பெயரில் எழுதுவது என்று கேட்டார். என் பெயரைச் சொல்வதா, என் மகன் பெயரையா, தங்கவயல் கிளைக்குத் தனி வரி கேட்பதா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை, “எங்க நைனா பேரயே எழுதுப்பா. அவங்க தாத்தா பேரும் அதுதானே,” என்றார். பூசாரி ‘பெங்களூர் வகையறா’ என்பதை அடிக்காமல், அதற்கு மேலே இருந்த இடைவெளியில் அந்தப் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டார்.